ஹோம்ஸுக்குத் துப்பறியும் கதை கொடுக்காதீர்கள்

போன மாதம் ஒரு வாசகர் கூட்டத்தில் சீட்டுக் குலுக்கினோம். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு கதாபாத்திரத்தின் பெயர் இருக்கும். சீட்டு எடுத்தவர் அந்தப் பாத்திரத்துக்கு ஒரு புத்தகமும் ஒரு படமும் சொல்லி, ஏன் என்று மூன்று வரி எழுத வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். புதிதாக வந்திருந்த ஒன்பது பேரில் ஏழு பேர், பல வருடம் முன்பு நான் செய்த அதே தவறை அதே உற்சாகத்தோடு செய்தார்கள். ஒருவர் எழுதிய மூன்று வரி ஏறக்குறைய என் பழைய வரிகளேதான். அவரைத் திருத்துவதா, என் காதைப் பொத்திக்கொள்வதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

பாத்திரத்தின் பெயரைப் பிழையாக எழுதுவது, தான் படிக்காத புத்தகத்தைச் சிபாரிசு செய்வது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். இரண்டாவதை ஜேன் ஆஸ்டின் அன்றைக்கே கிண்டலடித்து முடித்துவிட்டார். 1817 கடைசியில் வெளிவந்த ‘நார்த்தாங்கர் அபே’யில் இசபெல்லா தன் தோழி கேத்தரினுக்கு ஏழு திகில் நாவல்களின் பட்டியலைத் தருகிறாள். எல்லாமே பயங்கரமாக இருக்குமா, நிச்சயமாகத் தெரியுமா என்று கேத்தரின் கேட்கிறாள். நிச்சயம், எனக்குத் தெரிந்த ஒருத்தி எல்லாவற்றையும் படித்திருக்கிறாள் என்று பதில் வருகிறது. தான் படித்தேன் என்று மட்டும் இசபெல்லா வாய் திறக்கவில்லை. (அந்த ஏழு தலைப்புகளும் ஆஸ்டின் இட்டுக்கட்டியவை என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். ஏழும் நிஜமாகவே அச்சான நாவல்கள்.)

கதையைப் பார்த்துக் கதை கொடுப்பது

ஒரு நூலகத்தில் ‘கதாபாத்திரங்களின் அலமாரி’ என்று ஒரு மாதக் காட்சி வைத்தார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எது பிடிக்கும் என்று அட்டை எழுதும் வேலை என்னிடம் வந்தது. முப்பது பாத்திரங்கள், முப்பது அட்டைகள். இரண்டு மாதம் ராத்திரி கண்விழித்து எழுதினேன். ஷெர்லக் ஹோம்ஸுக்கு, எட்கர் ஆலன் போ 1841இல் படைத்த துப்பறிவாளர் டூப்பானின் கதைகள். டான் குயிக்ஸாட்டுக்கு ஒரு வீரசாகச நாவல். விக்டர் ஹியூகோவின் ‘லே மிசராப்ளே’ நாவலில் ரொட்டி திருடிச் சிறைக்குப் போன ழான் வல்ழானுக்கு, சைக்கிள் திருட்டைப் பற்றிய ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ (1948). விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் உண்டாக்கிய பெயரில்லாத ஜீவனுக்கு ஒரு பேய்ப்படம். பொருத்தம் கச்சிதமாக இருக்கிறது என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

காட்சி திறந்த மூன்றாம் நாள், பன்னிரண்டு வயது இருக்கும், ஒரு சிறுமி ஹோம்ஸ் அட்டைக்கு முன்னால் வெகுநேரம் நின்றிருந்தாள். பிறகு என்னிடம் வந்து கேட்டாள்: “சார், இது ஹோம்ஸுக்குப் பிடிக்குமா? இல்ல, ஹோம்ஸைப் பிடிச்சவங்களுக்குப் பிடிக்குமா?”

பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்று மாலை எல்லோரும் போன பிறகு அட்டைகளை மேஜையில் பரப்பி வைத்து அதே கேள்வியை ஒவ்வொன்றிடமும் கேட்டேன். முப்பதில் பத்தொன்பது தேறவில்லை. இரண்டு மாத உழைப்பு குப்பைக்கூடையில் விழுந்தது. காட்சி முடியும்வரை பகலில் மாட்டுவதும் இரவில் மாற்றி எழுதுவதுமாக ஓடினேன். அந்த எரிச்சல்தான் இன்னும் தீரவில்லை.

தவறு எங்கே இருக்கிறதென்றால், ஹோம்ஸ் கதையைப் படிப்பவரும் ஹோம்ஸும் ஒரே ஆள் என்று நாம் நினைத்துவிடுகிறோம். படிப்பவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கொலையை ரசிக்கிறார். ஹோம்ஸுக்கு அது பிழைப்பு. படம் காட்டும் செயலிகளும் நம்மைக் கெடுத்து வைத்திருக்கின்றன. இதைப் பார்த்தவர்கள் அதையும் பார்த்தார்கள் என்று அவை சொல்வது பார்வையாளர்களின் கணக்கு. அந்தக் கணக்கில் கதைக்குள் இருப்பவருக்கு இடமே கிடையாது. ஆனால் நமக்கு அது பழகிப்போய், துப்பறிபவருக்குத் துப்பறியும் கதை, காதலிக்குக் காதல் கதை, மாலுமிக்குக் கடல் கதை என்று கை தானாக எழுதுகிறது.

இத்தனைக்கும் பதில் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஹோம்ஸ் முதன்முதலில் வந்த 1887ஆம் ஆண்டு நாவலில், நீங்கள் டூப்பானை நினைவுபடுத்துகிறீர்கள் என்று வாட்ஸன் பாராட்டாகத்தான் சொல்கிறார். டூப்பான் மட்டமான ஆள் என்று ஹோம்ஸ் அடித்துச் சொல்கிறார். அடுத்து பிரெஞ்சுத் துப்பறிவாளர் லெகாக்கின் முறை. அந்தப் புத்தகம் தனக்கு உடம்புக்கே ஆகவில்லை என்கிறார். லெகாக் ஆறு மாதம் இழுத்ததை நான் இருபத்துநான்கு மணி நேரத்தில் முடித்திருப்பேன் என்கிறார். இதைப் படித்துவிட்டுத்தான் நான் அவருக்கு டூப்பானை எழுதி வைத்திருந்தேன். படித்தேன் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது.

டான் குயிக்ஸாட் கதை இன்னும் வேடிக்கையானது. செர்வாண்டிஸின் இரண்டாம் பாகம் வருவதற்கு முந்தைய ஆண்டு, 1614இல், வேறொருவர் போலி இரண்டாம் பாகம் ஒன்றை அச்சிட்டுவிட்டார். செர்வாண்டிஸ் சும்மா இருப்பாரா? 1615இல் வந்த அசல் பாகத்தில் ஒரு சத்திரத்தில் அந்தப் போலிப் புத்தகத்தைக் குயிக்ஸாட்டின் கையிலேயே கொடுத்துவிட்டார். அவர் நாலு பக்கம் புரட்டுகிறார், குற்றம் கண்டுபிடிக்கிறார், வைத்துவிடுகிறார். போலிக் கதையில் அவர் சரகோஸா நகரத்துக்குப் போனதாக எழுதியிருக்கிறது என்று தெரிந்ததும், அந்த ஊரில் இனி காலே வைக்கமாட்டேன் என்று பார்சலோனாவுக்கு வழியை மாற்றிக்கொள்கிறார். தன்னைப் போலவே இருக்கும் கதை கைக்கு வந்தால் ஒரு பாத்திரம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

நம் பக்கத்தில் கங்கா இருக்கிறாள். ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் விகடனில் வந்தது. கெட்டுப்போய்விட்டேன் என்று அழுது வரும் மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று மூடி மறைத்துக் காப்பாற்றுகிறாள் அந்தக் கதையின் அம்மா. 1970இல் வந்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் அதே கதை, ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் பத்திரிகையில் எழுதியதாக வருகிறது. கங்கா அதைப் படிக்கிறாள். அவள் வாழ்க்கையில் அம்மா தண்ணீர் ஊற்றவில்லை, ஊரைக் கூட்டிவிட்டாள். ஒரே சம்பவம்தான், ஒரே ஒரு கை அசைவுதான் வேறு. அச்சில் இருந்த அந்த நல்ல அம்மா, கங்காவுக்குத் தான் எதை இழந்தோம் என்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறாள். இப்போது நீங்கள், அவளைப் போலவே பாதிக்கப்பட்ட பெண்ணைப் பற்றிய படம் ஒன்று இருக்கிறது, ஆறுதலாக இருக்கும் என்று அட்டை எழுதினால் அதை என்னவென்று சொல்வது?

பாத்திரம் தன்னைப் புத்தகத்தில் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. பார்க்கட்டும், ஆனால் அந்தக் கண்ணாடி வேறு வீட்டில் மாட்டியிருக்கட்டும். ஃபிராங்கன்ஸ்டைனின் ஜீவனுக்குக் காட்டில் கிடந்த ஒரு தோல்பெட்டியிலிருந்து மூன்று புத்தகங்கள் கிடைக்கின்றன: மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’, புளூடார்க் எழுதிய வாழ்க்கை வரலாறுகள், கதேயின் வெர்தர். மில்டனில் ஆய்வுக்கூடமும் இல்லை, பிணமும் இல்லை. ஆனாலும் முதலில் ஆதாமிலும் பிறகு சாத்தானிலும் அவன் தன்னையே பார்க்கிறான். பேய்க்கதை அலமாரியில் தேடினால் இந்தப் பொருத்தம் ஜென்மத்துக்கும் அகப்படாது.

பக்கத்தில் இருப்பவரை நம்புவது

அதே 1887ஆம் ஆண்டு நாவலில் ஹோம்ஸின் அறிவைப் பற்றி வாட்ஸன் ஒரு பட்டியல் போடுகிறார். இலக்கியம் பூஜ்யம், தத்துவம் பூஜ்யம், வானியல் பூஜ்யம், வேதியியல் ஆழம் என்று போகும். ஹோம்ஸுக்கு அட்டை எழுதுகிற முக்கால்வாசிப் பேர் இந்தப் பட்டியலை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் பட்டியல் போட்டவர் அறைக்குக் குடிவந்து சில வாரங்களே ஆனவர். பின்னால் வரும் கதைகளில் இதே ஹோம்ஸ் ரயிலில் பெட்ரார்க்கின் கவிதையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கிறார், ஃபிளாபேரின் கடிதத்திலிருந்து ஒரு வரி சொல்கிறார், பாரசீகக் கவி ஹாபிஸைத் தொட்டுப் பேசுகிறார், வாட்ஸனுக்கே ஒரு வரலாற்று நூலைப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறார். இலக்கியம் பூஜ்யமாம்!

என் புதிய அட்டை இப்படி அமைந்தது. புத்தகம், கார்ல் ஃபான் ஃபிரிஷின் ‘தி டான்ஸிங் பீஸ்’. ஓய்வு பெற்ற ஹோம்ஸ் தேனீ வளர்க்கிறார் என்பதும் அதைப் பற்றி ஒரு கையேடே எழுதினார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நான் இதை எடுத்ததற்குத் தேனீ பாதிக் காரணம்தான். கூட்டுக்குள் தேனீ ஆடும் ஆட்டத்தில், செங்குத்துக் கோட்டிலிருந்து அது சாயும் கோணம், சூரியனுக்கு எந்தப் பக்கம் பூ இருக்கிறது என்பதைச் சொல்கிறது. ஆட்டம் எவ்வளவு நேரம் நீள்கிறது என்பது தூரத்தைச் சொல்கிறது. ஃபிரிஷ் இதைப் படித்துக் காட்டினார். 1973இல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். குச்சி மனிதர்கள் ஆடுவது போன்ற கிறுக்கல்களில் ரகசிய எழுத்தைப் படித்தவர் ஹோம்ஸ். அவருக்கு ஆடும் தேனீக்களைக் கொடுத்தால் அன்றிரவு வயலினைத் தொடமாட்டார்.

படம்: ஜீகா வெர்தோவின் ‘மேன் வித் எ மூவி கேமரா’ (1929). கதை கிடையாது, நடிகர்கள் கிடையாது, இடையிடையே வசனம் காட்டும் எழுத்துகூடக் கிடையாது. நகரத்தின் ஒரு நாள்: கதவுகள், சக்கரங்கள், கைகள், முகங்கள். பாடமாக எழுத வேண்டியதையெல்லாம் கதையாக்கிக் கெடுத்துவிட்டாய் என்று வாட்ஸனைத் திட்டியவருக்கு, கதையே இல்லாத படத்தைவிட என்ன கொடுப்பது?

அந்தப் பாத்திரம் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்புவது

‘தி கேட்சர் இன் த ரை’ (1951) நாவலின் முதல் பக்கத்திலேயே ஹோல்டன் சினிமாவைக் கண்டாலே ஆகாது என்கிறான். இதைப் படித்துவிட்டு, ஹோல்டனுக்குப் படம் கிடையாது என்று கோடு போட்டுவிடுகிறார்கள். நானும் போட்டிருந்தேன்.

கொஞ்சம் தள்ளிப் போய்ப் படித்தால், பத்து வயதுத் தங்கை ஃபீபியை ஹிட்ச்காக்கின் ‘தி தர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்’ படத்துக்குச் சுமார் பத்து முறை கூட்டிப் போயிருக்கிறான். படத்தில் வில்லன், பாதி இல்லாத தன் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டும் இடம் ஒன்று வரும். அவன் தூக்குவதற்கு முன்னாலேயே ஃபீபி இருட்டில் தன் சுண்டுவிரலை அண்ணன் முகத்துக்கு நேராக நீட்டுவாள். சினிமாவை வெறுக்கும் பையனுக்கு இது எப்படி இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது? அவனுக்குப் பிடித்தது திரையில் ஓடவில்லை, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தது.

ஆகவே ஹோல்டனுக்குப் படம் தேட வேண்டுமானால் ஃபீபிக்குத் தேடுங்கள். நான் எழுதியது ‘தி ரெட் பலூன்’ (1956). 34 நிமிடம், பேச்சு அநேகமாகக் கிடையாது, ஆகவே பாசாங்காகப் பேச யாரும் இல்லை. பையன்கள் கூடி அந்த பலூனை என்ன செய்கிறார்கள் என்று பார்த்த பிறகு ஹோல்டன் நாலு நாள் யாரோடும் பேசமாட்டான். ஃபீபி அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவாள்.

(புத்தக விஷயத்தில் அவன் நம்மையெல்லாம் மிஞ்சியவன். நூலகத்தில் தவறுதலாகக் கையில் கொடுத்த ‘அவுட் ஆஃப் ஆஃப்ரிக்கா’வை, சரி கிடக்கட்டும் என்று படித்து, பிடித்துப்போய்விட்டது என்கிறான். அட்டை எழுதுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் அடங்கலாம்.)

தொழில்காரருக்குத் தொழில் படம்

சிக்கல் சண்முகசுந்தரத்துக்கு நாதஸ்வரக்காரர் படம் போடாதீர்கள். விரலைத்தான் பார்ப்பார், கதையைப் பார்க்கமாட்டார்.

எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லாமல் விடுவது

ழான் வல்ழான் என்று சொன்னால் போதாது. எந்த ழான் வல்ழான்? சிறையில் நாற்பது வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட கைதி ஒருவர் இருக்கிறார். அறிவு வளர்ந்தால் தன் வெறுப்பும் வலுவாகும் என்பதற்காகவே படித்தவர் அவர். பத்தொன்பது வருடம் கழித்து வெளியே வந்து, பெயரை மாற்றிக்கொண்டு மேயராகி, தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது எதிரே புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்ளும் மதலேன் என்பவரும் இருக்கிறார். இருவரும் ஒரே ஆள்தான், ஆனால் ஒரே அட்டை இருவருக்கும் செல்லாது.

நான் மேயருக்கு எழுதினேன். குடியானவர்கள் பிடுங்கி எறிந்த காஞ்சொறிச் செடியைப் பார்த்துவிட்டு, இளசாக இருந்தால் கீரை, முற்றினால் நார், விதை தீவனத்துக்கு என்று விளக்கும் ஓர் இடம் நாவலில் வரும். ஊர் ஒதுக்கிய செடிக்காக நின்று பேசும் மனிதர் அவர். படம் போட்ட நல்ல தாவர நூல் ஒன்று அவருக்குப் போதும். சைக்கிள் திருட்டை அவர் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். அந்த ரொட்டியை அவர் இன்னும் மறக்கவில்லை.

கைதிக்கு என்ன கொடுப்பது என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. அந்த அட்டை கடைசிவரை வெறுமையாகத்தான் தொங்கியது.

காலக் கணக்கு

அந்தக் காலத்து ஆளுக்கு இந்தக் காலத்துப் படமா என்று சண்டை போடுகிறார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். எல்லாக் கதவையும் திறந்து வையுங்கள், அல்லது அடைத்து வையுங்கள். பாதி திறந்து வைத்தால்தான் வம்பு.

ஒருவருக்கு மட்டும் விலக்கு உண்டு, அது ஜூல்ஸ் வெர்னின் நாவலில் நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பலை ஓட்டும் கேப்டன் நீமோ. அவருடைய கப்பல் நூலகத்தில் 12,000 புத்தகங்கள் இருக்கின்றன. நாட்டிலஸ் முதன்முதலாகத் தண்ணீருக்குள் இறங்கிய அன்று கடைசிப் புத்தகம், கடைசிப் பத்திரிகை வாங்கியதாகவும், அதற்குப் பிறகு மனிதர்கள் எதையும் எழுதவில்லை என்றே நினைத்துக்கொள்ள விரும்புவதாகவும் அவரே சொல்கிறார். கதவை அவரே உள்ளிருந்து சாத்தியிருக்கிறார். போன மாதக் கூட்டத்தில் ஒருவர் நீமோவுக்கு, பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்தோ கடலுக்கடியில் எடுத்த 1956ஆம் ஆண்டுப் படத்தைக் கொடுத்தார். கடலுக்குக் கடல் என்ற பழைய நோய்தான். அந்தப் படத்தில் மீன்களைக் கணக்கெடுப்பதற்காகப் பவளப்பாறையில் வெடி வைக்கும் காட்சி இருக்கிறது. நீமோ பார்த்தால் கப்பலைத் திருப்பிவிடுவார், அவர்களை நோக்கி.

பத்துப் பெயர் சொல்வது

ஒன்று சொல்லுங்கள்.

நகக் குறியைத் தேடாமல் விடுவது

“வீரமானவர், அன்பானவர், தனிமை விரும்பி” என்று பாத்திரத்தின் குணத்தை எழுதி வைத்துக்கொண்டு அதற்குப் புத்தகம் தேடுகிறார்கள். இந்த மூன்று சொல்லுக்கு உலகத்தில் பாதிப் புத்தகங்கள் பொருந்தும்.

புஷ்கினின் கவிதை நாவலில், ஊரைவிட்டுப் போய்விட்ட அனேகினின் காலி வீட்டுக்கு தத்யானா போகிறாள். அவன் மீது காதல் வைத்தவள், ஆனால் அவன் யார் என்று தெரியாதவள். அவனுடைய அறையில் உட்கார்ந்து அவன் படித்த புத்தகங்களைப் புரட்டுகிறாள். பல பக்கங்களில் நகத்தால் அழுத்திக் கீறிய தடம். ஓரத்தில் பென்சிலால் ஒரு சொல், ஓர் இடத்தில் சிலுவைக் குறி, இன்னொன்றில் கேள்விக்குறி. அவற்றைப் பார்க்கப் பார்க்க, நேரில் பழகியபோது பிடிபடாத ஆள் மெல்லப் பிடிபடுகிறான். இவன் வெறும் நகல்தானோ என்ற சந்தேகமும் அப்போதுதான் அவளுக்கு வருகிறது.

ஒரு பாத்திரத்தை எடுத்தால் நான் முதலில் தேடுவது இந்த நகத் தடத்தைத்தான். ஃபீபியின் சுண்டுவிரலும் மேயரின் காஞ்சொறிச் செடியும் எனக்கு அப்படிக் கிடைத்தவை. கதைக்கு அவசியமே இல்லாத ஓர் இடத்தில் பாத்திரம் நின்று எதையோ பார்க்கும். அந்தப் பக்கத்தை மடித்து வையுங்கள்.

இன்னும் முடியாத அட்டை

ஃபிராங்கன்ஸ்டைனின் ஜீவனுக்கு எழுதிய பேய்ப்படத்தைக் கிழித்துப் போட்ட பிறகு, நாவலை மறுபடி படித்தேன். ஒரு குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொண்டு, பலகை அடைத்த ஜன்னலின் மெல்லிய இடுக்கு வழியாக அந்தக் குடும்பத்தை மாதக்கணக்கில் பார்க்கிறான். இருட்டில் அவன், வெளிச்சத்தில் அவர்கள். முதலில் பேச்சே புரியாது. முகத்தையும் கையையும் வைத்துத்தான் சிரிப்பு எது, துக்கம் எது என்று படிக்கிறான். சினிமா பிறப்பதற்கு முன்பே, 1818இல், ஊமைப்படம் பார்த்த ரசிகன் அவன்!

அட்டையில் சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ (1931) என்று எழுதினேன். கண் தெரியாத பூக்காரப் பெண் நாடோடியைப் பணக்காரன் என்று நம்புகிறாள். அவன் பணம் புரட்டி அவளுக்குப் பார்வை கிடைக்கச் செய்கிறான். கடைசியில் கந்தல் உடையில் வந்து நிற்பவனுக்குக் காசு கொடுக்கக் கையைப் பிடிக்கிறாள். தொட்டதும் தெரிந்துவிடுகிறது. நீயா என்கிறாள். அவள் அடுத்து என்ன செய்தாள் என்று படம் சொல்லாது. அவன் முகத்தோடு முடிந்துவிடும்.

அந்தக் குடிசையில் இருந்த கண் தெரியாத பெரியவர் ஒருவர்தான் ஜீவனிடம் அன்பாகப் பேசியவர். அவன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு காப்பாற்றுங்கள் என்று கதறும் அதே நொடியில் கண் தெரிந்தவர்கள் உள்ளே வந்துவிட, அவர்களில் ஒருவன் அவனை அடிக்கிறான். அவனுக்கு இந்தப் படத்தைக் கடைசிவரை ஓட்டலாமா, அல்லது அவள் காசை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போதே நிறுத்திவிட வேண்டுமா என்று அந்த அட்டையில் இரண்டு முறை எழுதி இரண்டு முறை அடித்திருக்கிறேன். போன மாதக் கூட்டத்தில் அவன் பெயரைச் சீட்டில் நான் எழுதிப் போடவில்லை.